பார்வையும் கண்ணோட்டமும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்குத் தமிழ் மரபு அளித்துள்ள இடம் ஏனைய பொறிகளுக்கு அளிக்கப்பட்டதன்று. அருமைக் குழந்தையைக் கண்ணே என அழைப்பதும், எண்ணையும் எழுத்தையும் கண்களாகப் போற்றுவதும், உற்ற காவலை இமையின் காவலுக்கு ஒப்பிடுவதும் இம்மதிப்பின் வெளிப்பாடுகளேயாம். பிறர்பால் இரங்கும் பண்பை விளக்கப் புகுந்த வள்ளுவரும் அவ்வதிகாரத்தைக் கண்ணோட்டம் என்னும் பெயராலேயே வழங்கினார். இத்தகைய மரபிலே வளர்ந்தோரிடத்து, பார்வையை இழந்தவர் அனைத்தையும் இழந்தவர் என்றும், இழந்த பார்வையை மீளப் பெற்றவர் அனைத்தையும் பெற்றவர் என்றும் கருதும் மனப்பாங்கு இயல்பாகவே உருவாகிவிடுகின்றது.

இம்மனப்பாங்கு ஆராயப்பட வேண்டியதொன்று. பார்வை என்பது எந்நிலையிலும் நன்மையே பயப்பதா? பார்வை மீள்வதால் ஒருவருக்குத் துயரம் விளையுமாயின் அத்துயரத்துக்குப் பொறுப்பாளி யார்? பார்வையற்ற ஒருவரைச் சூழ்ந்திருப்போர், அவர் காணமாட்டார் என்னும் துணிவினாலே, அன்பின் பொருட்டுக் கூறும் பொய்கள் அறத்தின்பாற்படுமா? சத்திரசிகிச்சைக் கூடத்திலே வைத்தியர் எதிர்நோக்கும் வினாக்கள் அல்ல இவை. ஆயினும், சிகிச்சை முடிந்து கட்டவிழ்க்கப்படும் கணத்திலிருந்து நோயாளி எதிர்நோக்கவேண்டிய வினாக்கள் இவையே.

இவ்வினாக்களை வெறும் தருக்கமாக நிறுத்திப் பார்ப்பதினும் ஒரு மனிதரின் வாழ்விலே வைத்துப் பார்ப்பது பயன்தரும். வடமராட்சியிலே கரவெட்டியில் ஒரு தாய். பெயர் வேண்டியதில்லை, அவ்வூரின் எந்த ஒழுங்கையிலும் காணக்கூடியவர். எழுபத்தெட்டு வயது. கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் கனடாவில் வாழ்கின்றான். ஐம்பதை அணுகும் மகள், திருமணமின்றித் தையல் வேலை செய்து தாயைப் பேணி வருகின்றாள். 1987ஆம் ஆண்டின் வடமராட்சிப் படை நடவடிக்கையைக் கண்டவர் அத்தாய். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து வந்தபோது தம் விறாந்தையிலே முன்பின் அறியாத குடும்பங்களுக்குப் பாய் விரித்தவர். மின்சாரமற்றிருந்த அவ்வாண்டுகளிலே சாம்போத்தல் விளக்கின் சிறு சுடரில் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த விளக்கின் புகைதான் தம் கண்ணைக் கெடுத்தது என்பது அவர் துணிபு. வைத்தியர் கூறியதோ வேறு: மூப்பினால் வரும் கண்புரை.

கண்புரை என்பது வெளியிலிருந்து வந்து மூடும் படலமன்று. கண்மணிக்குப் பின்னே அமைந்த வில்லை தெளிவான புரதத்தால் ஆயது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்புரதம் தன் ஒழுங்கு குலைந்து, முதலில் மஞ்சளாகவும் பின்னர் கபில நிறமாகவும் மங்குகின்றது. ஒளி உட்புகுவது குறைகின்றது. உட்புகும் ஒளியும் சிதறுகின்றது. இம்மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால், உலகம் மங்குகின்றது என்பதை நோயாளி உணர்வதற்குள் மங்கிய உலகமே அவருக்குப் பழகிவிடுகின்றது. கரவெட்டித் தாய்க்கும் இதுவே நேர்ந்தது. முற்றத்து வெயில் பால்நிறமான புகையாயிற்று, முகங்கள் குரல்களாயின, ஈற்றில் வீட்டின் எல்லை படுக்கைக்கும் அடுக்களைக்கும் இடைப்பட்ட சில அடிகளாகச் சுருங்கிற்று.

சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கூறப்பட்டபோது அவர் மறுத்தார். "இனி எனக்குப் பாக்க என்ன கிடக்கு?" என்பதே அவர் மறுமொழி. இரண்டு ஆண்டுகள் அம்மறுமொழி மாறவில்லை. மகள் வற்புறுத்தவில்லை. அவள் வற்புறுத்தாமைக்கு ஒரு காரணம் இருந்தது. கிணற்றடியிலே கணவர் தம் கையால் நட்ட கறுத்தக் கொழும்பான் மாமரம் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே தறிக்கப்பட்டுவிட்டது. மகனுக்கு வேலை பறிபோய்ப் பணம் வருவது நின்றபோது, தாயின் மருந்துச் செலவுக்காக மகள் அதனை மரத்துக்கு விற்றாள். அவ்வேளை தாய் காய்ச்சலாகக் கிடந்தமையால் செய்தியைச் சொல்லவில்லை. பின்னர் சொல்வதற்கு ஏற்ற நாள் வரவேயில்லை. ஆண்டுதோறும் பருவம் வந்ததும், "மரம் காய்ச்சிருக்கோ?" என்று தாய் கேட்பார். மகள் நெல்லியடிச் சந்தைக்குச் சென்று பழம் வாங்கிவந்து, வெட்டி, தாயின் கையிலே கொடுப்பாள். அவர் உண்டு, கணவரின் கைராசியை மெச்சுவார்.

இவ்வாறு ஒரு பொய் ஆறு பருவங்கள் காய்த்தது.

ஈற்றில் ஒரு நாள் இரவு தாய் நிலைப்படியிலே தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆயினும் அச்சம் பிறந்தது. உறவினர் கூடிப் பேசினர். அவரும் இசைந்தார். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே ஒரு கண்ணுக்குச் சிகிச்சை நடைபெற்றது.

அவ்வனுபவம் அவர் எண்ணியிருந்ததைப் போன்றதன்று. மயக்கி உறங்கவைப்பர் என்று அவர் நினைத்திருந்தார். அவ்வாறன்றி, கண்மணியை விரிக்கும் துளிமருந்து இடப்பட்டது. கண்ணைச் சூழவுள்ள பகுதி மட்டும் உணர்விழக்கச் செய்யப்பட்டது. முகத்தின்மேல் துணி. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. வைத்தியரும் தாதியும் பேசுவது கேட்டது. நோயில்லை, ஆயினும் தம் கண்ணுக்குள்ளே பிறர் கை தொழிற்படுகின்றது என்னும் அறிவு இருந்தது. மேலிருந்து வந்த ஒளி நீலமாகவும் செம்மையாகவும் நீரிலே மிதக்கும் வடிவங்களாகவும் தோன்றி அசைந்தது. இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்டோர் பலர் இவ்வாறு நிறங்களைக் கண்டதாகக் கூறுவது வைத்திய உலகம் அறிந்ததே. சில மில்லிமீற்றர் அளவான வெட்டின் ஊடாக மங்கிய வில்லை உடைத்து உறிஞ்சி எடுக்கப்பட்டு, மடித்த செயற்கை வில்லை உள்ளே செலுத்தப்பட்டது. அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் வந்த இருளை நீக்க அரைமணி போதுமாயிற்று.

மறுநாள் கட்டவிழ்க்கப்பட்டது. அவர் முதலிற் கண்டது தம் கையை. அது தம் கை என்று உணர அவருக்குச் சிறிது நேரம் சென்றது. அது அவர் தாயாரின் கை போன்றிருந்தது. தாதியின் உடைக் கரையிலிருந்த நீலம் நம்பமுடியாத அளவு நீலமாயிருந்தது. மஞ்சளித்த பழைய வில்லை நீல ஒளியை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தமையே இதற்குக் காரணம். பின்னர் மகளின் முகத்தைப் பார்த்தார். தலைமயிர் நரைத்திருந்தது. கழுத்திலே சங்கிலி இல்லை.

வீடு வந்த மறுநாட் காலை, எவரும் எழுமுன், அவர் கிணற்றடிக்குச் சென்றார். அடிமரக் கட்டையொன்றே அங்கிருந்தது. அதன் ஓரம் உக்கிக் கிடந்தது.

பார்வை நன்மையே பயக்கும் என்னும் கொள்கைக்கு இக்கட்டை ஒரு சோதனையாகும். வேறொரு சோதனையும் மேற்குலகிலே நிகழ்ந்து, எழுத்திற் பதியப்பட்டுள்ளது. 1688ஆம் ஆண்டிலே அயர்லாந்து அறிஞரான வில்லியம் மொலினியூ, மெய்யியலாளர் ஜோன் லொக்கிற்கு எழுதிய கடிதத்தில் ஒரு வினாவை விடுத்தார். பிறவிக் குருடன் ஒருவன் கோளத்தையும் கனவடிவத்தையும் தொட்டு வேறுபடுத்த அறிந்தவன். அவனுக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமலே பார்த்து இன்னது இதுவென அறிவானா? அறியான் என்பதே இருவரின் விடையும். 1728இல் இலண்டன் சத்திரவைத்தியர் செசல்டன், தம்மாற் பார்வை பெற்ற சிறுவனொருவன் கண்ட பொருள்களை உடன் இனங்காண இயலாது இடர்ப்பட்டதைப் பதிவு செய்தார். 2011இல் பவன் சின்காவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்குத் தெளிவான விடையை அளித்தது. பிறவியிலேயே பார்வையற்றிருந்து, 8 வயதுக்கும் 17 வயதுக்கும் இடையிலே சிகிச்சை பெற்ற 5 இந்தியச் சிறுவர்கள், தொட்டறிந்த வடிவத்தைச் சிகிச்சை முடிந்தவுடன் பார்த்து இனங்காண இயலாதிருந்தனர். ஆயினும் சில நாள்களிலேயே அவ்வாற்றல் அவர்களிடத்து வளரத் தொடங்கிற்று. கண் திறப்பது ஒரு நிகழ்ச்சி. காண்பதோ ஒரு கல்வி என்பது இதனாற் பெறப்படும்.

இக்கல்வி எல்லோருக்கும் இனிப்பதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி பிறட்போர்ட் என்பவர் கைக்குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்து, தம் 52ஆம் வயதில், 1958-59 காலப்பகுதியிலே விழிவெண்படல மாற்றுச் சிகிச்சையாற் பார்வை பெற்றார். அவரை ஆராய்ந்த றிச்சாட் கிறெகரியும் ஜீன் வொலசும் 1963இல் தம் ஆய்வை வெளியிட்டனர். குருடராயிருந்தபோது கருவிகளைக் கையாண்டு, உற்சாகமும் தன்னம்பிக்கையும் கொண்டு வாழ்ந்த அம்மனிதர், பார்வை பெற்றபின் உலகம் தாம் எண்ணியிருந்ததினும் அழகு குன்றியது என்று கண்டார். பூச்சு உதிர்ந்த சுவர்களும் பொருள்களின் வடுக்களும் அவரை வருத்தின. மாலை வேளைகளில் விளக்கேற்றாமலே இருளில் அமர்ந்திருப்பார் எனவும் கூறப்படுகின்றது. 1960இல் அவர் இறந்தார்.

இதனைக் கொண்டு, அவருக்குச் சிகிச்சை செய்திருக்கலாகாது என முடிவு கட்டலாமா? அவ்வாறு கட்டுவது அவசரமாகும். சுவரின் பூச்சைப் பார்வை உதிர்க்கவில்லை; உதிர்ந்திருந்ததைக் காட்டியது. கிணற்றடி மரத்தைச் சத்திரவைத்தியரின் கத்தி தறிக்கவில்லை. துயரத்தை ஆக்குவது வேறு, இருந்த துயரத்தை அறிவிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறப்போர், தூதுவனைத் தண்டிக்கும் அரசரைப் போலப் பார்வையைப் பழிப்பர். ஆயின், அறிவிக்கப்பட்ட துயரத்தைத் தாங்குவதற்குத் துணை வேண்டும் என்பதையே பிறட்போர்டின் வாழ்வு உணர்த்துகின்றது. அவருக்குப் பார்வையைக் கொடுத்தனர். அப்பார்வையோடு வாழும் வாழ்வை அவர் பெரிதும் தனித்தே கற்க வேண்டியிருந்தது.

இனி, மகளின் பொய்யை நோக்கலாம். அதனைக் குற்றமென உடனே ஒதுக்குதல் நியாயமன்று. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வள்ளுவர் இலக்கணம் வகுத்துள்ளார். சொல் நிகழ்ந்ததற்கு ஒத்திருத்தல் என்னும் அளவோடு அவர் நின்றுவிடவில்லை. அது கேட்போரிடத்து விளைக்கும் பயனையும் கருதினார். அவ்வளவுகோலின்படி நெல்லியடிப் பழத்தைக் கிணற்றடிப் பழமென்று கொடுத்த மகள் எவருக்குத் தீங்கிழைத்தாள்? தாய் மகிழ்ந்தார், தந்தையின் நினைவு போற்றப்பட்டது, செலவோ மகளுடையது. அன்புக்காகத் தன்னை வருத்திக்கொண்ட ஒருத்தியைப் பொய்யள் என்பது கண்ணோட்டமற்ற தீர்ப்பன்றோ எனக் கேட்பாரும் உளர்.

இவ்வாதம் வலிமையுடையது. ஆயினும் இதில் ஒன்று விடுபட்டுள்ளது. தீங்கு விளைந்ததா என்பதைத் துணிந்தவர் யார்? பொய் கூறியவரே. யாருக்குத் தீங்கு விளையக்கூடுமோ அவரிடம் கேட்கப்படவில்லை. கேட்கவும் இயலாது, கேட்டால் பொய் நிலைக்காது. ஆகவே அன்புப் பொய்யிலே ஒருவர் வழக்காளியாகவும் நீதிபதியாகவும் இருந்து தம்மைத் தாமே விடுவித்துக்கொள்கின்றார். இது முதற் குறை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. "இனி எனக்குப் பாக்க என்ன கிடக்கு?" என்று தாய் சிகிச்சையை மறுத்த அவ்விரண்டு ஆண்டுகளை எண்ண வேண்டும். வீட்டிலே குறையொன்றுமில்லை, மகன் பணம் அனுப்புகின்றான், மரம் காய்க்கின்றது என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. குறையற்ற வீட்டிலே ஒரு கிழவியின் கண்ணுக்கு என்ன வேலை? மகள் நகை அடகு வைத்ததையும், தனியே சுமப்பதையும் அவர் அறிந்திருப்பாராயின், மகளுக்குத் துணையாகும் பொருட்டேனும் பார்வையை விரும்பியிருக்கக்கூடும். பொய் அவரிடமிருந்து ஒரு மரத்தின் செய்தியை மட்டும் மறைக்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதற்கான காரணத்தையே மறைத்துவிட்டது. சிகிச்சைக்கு உடன்படுதலும் மறுத்தலும் நோயாளியின் உரிமை என்பது இன்றைய வைத்திய அறத்தின் அடிப்படை. நோயைப் பற்றிய உண்மையை வைத்தியர் மறைத்தால் அவ்வுரிமை பழுதுபடும் என்பதை யாவரும் ஒப்புவர். வாழ்வைப் பற்றிய உண்மையை வீட்டார் மறைத்தாலும் அது அவ்வாறே பழுதுபடும் என்பதை எண்ணுவோர் சிலரே.

அங்ஙனமாயின், காய்ச்சலாகக் கிடந்தவரிடம் மரம் தறிக்கப்பட்ட செய்தியை அன்றே கூறியிருக்க வேண்டுமா? அவ்வாறு கூறுதல் வேண்டியதில்லை. உண்மை கூறுதற்கும் காலமும் இடமும் உண்டு. காலம் கருதி வாய்மூடியிருத்தல் ஒன்று. இல்லாத மரத்திலே காய் காய்க்கச் செய்தல் பிறிதொன்று. முன்னது உண்மையைப் பிற்போடுகின்றது; பின்னது உண்மை நிற்க வேண்டிய இடத்திலே வேறொன்றை நடுகின்றது. முதற் பழத்தைக் கையிற் கொடுத்த நாளிலேதான் மகள் இவ்வெல்லையைக் கடந்தாள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கடப்பது எளிதாயிற்று, திரும்புவது அரிதாயிற்று.

இவ்விரண்டையும் பகுத்தறிய ஓர் உரைகல் உண்டு. பார்வையற்றவரிடம் ஒன்றைக் கூறுபவர், அவர் கண் திறக்கும் நாளிலே அவர் முகத்தைப் பார்த்து அதனை மீண்டும் கூற முடியுமா? முடியுமாயின் அச்சொல் கண்ணோட்டத்தின்பாற்பட்டது. முடியாதாயின் அது, எத்துணை அன்பிற் பிறந்ததாயினும், அவரது இருளைத் தனக்கு மறைவிடமாக்கிக் கொண்டது. ஒருபோதும் கண் திறவாதாருக்கும் இவ்வுரைகல் பொருந்தும். கண்டுபிடிக்கப்படும் என்னும் அச்சத்தை இது அளவாகக் கொள்ளவில்லை, அவர் கண்ணெதிரே நிற்கும் தகுதியையே கொள்கின்றது.

பெரியபுராணம் கூறும் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. திருவொற்றியூரிலே, மகிழ மரத்தின்கீழ், சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்து, அச்சூள் பிழைத்து ஊரெல்லையைக் கடந்தபோது அவர் இரு கண்களும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் மட்டுமே கிடைத்தது. காஞ்சியிலே இடக்கண்ணையும் திருவாரூரிலே வலக்கண்ணையும் பெற்றார். சேக்கிழார் இவ்வரலாற்றிலே பார்வையையும் வாய்மையையும் ஒரே முடிச்சிலே கட்டியிருக்கின்றார். சொல் பிழைத்தவருக்கு உலகம் மறைகின்றது. மீட்சியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வந்துவிடுவதில்லை. குருடு எப்போதும் தவற்றின் தண்டனை என்பது இதன் பொருளாகாது. அவ்வாறு கொள்வது நோயாளர் அனைவர்க்கும் இழைக்கும் கொடுமையாகும். வாக்கிலே ஏற்படும் பிளவு, இருவருக்கிடையே உள்ள காட்சியையும் பிளந்துவிடுகின்றது என்பதே இங்கு கொள்ளத்தக்க பொருள்.

கரவெட்டியிலே இப்பிளவு இருபுறத்தும் இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. கட்டையைக் கண்டு திரும்பிய தாய் மகளைக் கடியவில்லை. ஒரு நாள் முழுவதும் பேசாதிருந்தார். மறுநாள் கூறினார்: "சோளகம் வீசேக்கை இலைச்சத்தம் கேக்கேல்லைப் பிள்ளை. முதல் வருசமே எனக்குத் தெரியும்."

அவர் அறிந்திருந்தார். ஆறு ஆண்டுகளும் சந்தைப் பழத்தை உண்டு, கணவரின் கைராசியை மெச்சியது மகளின் மனம் நோகாமைப் பொருட்டு. மகள் தாயைக் காத்தாள்; தாய் மகளைக் காத்தார். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒரே துயரத்தைத் தனித்தனியே சுமந்தனர். அன்புப் பொய்யின் மூன்றாவது குறை இது. முன்னைய இரண்டினும் ஆழமானதும் இதுவே. அது நோவைத் தடுப்பதில்லை. நோவைப் பங்கிடுவதையே தடுக்கின்றது.

சிகிச்சையை மறுத்தமைக்கு மெய்யான காரணத்தையும் அவர் அன்றே கூறினார்: "பாத்தால் கேக்க வேணும். கேட்டால் நீ சொல்ல வேணும். அதுக்குத்தான் பயந்தனான்."

இவ்வெளிய சொற்களிலே ஒரு மெய்யியல் அடங்கியுள்ளது. காண்பது காட்சியோடு முடிவதில்லை. கண்டவர் வினவக் கடமைப்பட்டவர், வினவப்பட்டவர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே பார்வை ஒரு நுகர்பொருளன்று. அது ஒரு பொறுப்பு. இருளிலே பொறுப்பின்றி இருக்கலாம் என்பதே இருளின் கவர்ச்சி. இக்கவர்ச்சி கண் மங்கியோருக்கு மட்டும் உரியதன்று. நன்கு பார்க்கும் கண்ணுடையோரும் அயல்வீட்டு அடுப்பு எரியாதிருப்பதைக் காணாதவர்போற் செல்வது இதனாலேயேயாம்.

பார்வை பொறுப்பாதற்கு மற்றொரு நியாயமும் உண்டு. எவரும் அதனைத் தனித்து மீட்டுக்கொள்வதில்லை. இரண்டாம் உலகப்போரிலே விமானத்தின் ஒளிபுகு பிளாத்திக்குச் சிதறல்கள் விமானிகளின் கண்ணிலே பதிந்தும் அழற்சியின்றிக் கிடந்ததைக் கவனித்த ஹரோல்ட் றிட்லி, 1949 நவம்பரில் இலண்டனிலே முதலாவது செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்தார். எங்கோ ஒரு போர்வீரனின் காயம், போரினால் அலைக்கழிந்த கரவெட்டித் தாயின் கண்ணிலே ஒளியாயிற்று. மதுரையிலே 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கோவிந்தப்ப வெங்கடசுவாமி, மூட்டுவாதத்தாற் கோணிய விரல்களைக் கொண்டே சத்திரசிகிச்சை செய்யப் பயின்றவர். பணமுடையார் செலுத்தும் கட்டணத்தாற் பணமற்றோர் பார்வை பெறும் முறையை அவர் நிலைநாட்டினார். அந்நிறுவனத்தின் அயலிலே 1992இல் எழுந்த ஓரோலாப், வில்லையின் விலையை வறியோருக்கும் எட்டச் செய்தது. மானிப்பாயிலே பணியாற்றிய மிசன் வைத்தியர் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழ் மொழியிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். நோயாளி தன் நோயைத் தன் மொழியிலே விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணமும் கண்ணோட்டத்தின் ஒரு வகையேயாகும்.

இலங்கையிலே இவ்வறம் தனிச்சிறப்போடு தழைத்தது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1960இல் தம் தாயார் இறந்தபோது, அவருடைய விழிவெண்படலம் வறிய விவசாயி ஒருவருக்குப் பொருத்தப்பட வழிசெய்தார். மறு ஆண்டில் அவர் நிறுவிய கண்தானச் சங்கம், 1964இல் பனிக்கட்டியிட்ட குடுவையிலே சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கி, பின்னர் உலக நாடுகள் பலவற்றுக்கும் வழங்கி வந்துள்ளது. சிபி மன்னன் தன் கண்களை ஈந்த பௌத்த சாதகக் கதை சிங்கள மக்களிடத்தும், கண்ணப்ப நாயனாரின் கதை தமிழ் மக்களிடத்தும் நெடுங்காலமாக வழங்கி வருவன. கண் கொடுப்பது தம் மரபுக்குப் புறம்பானது என இவ்விரு சாராருள் எவரும் கூற இயலாது. இரத்தம் சிந்திய ஒரு நாட்டிலே, இறந்தவரின் கண் இனமும் மொழியும் வினவாது மற்றொருவரின் முகத்திலே இடங்கொள்வது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பெற்றவர் அக்கடனைக் கொடுத்தவருக்குத் திருப்பிச் செலுத்த இயலாது. அருகிலிருப்பவரைக் காண்பதனாலேயே செலுத்த இயலும்.

கரவெட்டித் தாய்க்கு இரண்டாவது கண்ணின் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முதல்நாள் மாலை அவர் மகளை அழைத்து, "நாளைக்குக் காணப்போறதை எல்லாம் இண்டைக்கே சொல்லு பிள்ளை" என்றார். மகள் கூறினாள். மகனின் வேலை, அடகிலிருந்த சங்கிலி, கடையிலிருந்த கடன், ஒவ்வொன்றாக வெளிவந்தன. அழுகையும் வந்தது. தாய் தமக்குத் தெரிந்தவற்றையும் தெரியாதவர்போல் இருந்தவற்றையும் கூறினார். அன்று இரவு கடனும் குறையவில்லை, சங்கிலியும் மீளவில்லை. ஆயின் அவ்வீட்டில் முதன்முறையாக அவற்றை இருவர் சுமந்தனர்.

இரண்டாவது கட்டு அவிழ்ந்த போது அவருக்கு அச்சமிருக்கவில்லை. காணவேண்டியதை அவர் முன்னரே கேட்டிருந்தார்.

சில வாரங்கள் கழிந்தன. விறாந்தையிலே மகள் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருந்தாள். தாய் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஊசியைக் கண்ணுக்கு அணுக்கமாகக் கொண்டுவந்தாள். பின்னர் கையை நீட்டித் தூரப்பிடித்தாள். நூல் காதிலே புகவில்லை. மூன்று முறை அவ்வாறு செய்து, எவரும் காணவில்லை என்னும் எண்ணத்தில், நூலின் நுனியை வாயிலிட்டு ஈரமாக்கி நான்காம் முறையும் முயன்றாள். ஐம்பது வயதை அணுகுவோருக்கு வரும் வெள்ளெழுத்து அது. எத்தனை மாதங்களாக அதனோடு தைத்து வந்தாளோ, அவள் கூறவில்லை.

"நாளைக்கு நெல்லியடிக்குப் போய்க் கண்ணாடி போடு பிள்ளை," என்றார் தாய்.

வில்லை பொருத்திய வைத்தியர் அவருக்குப் பார்வையைக் கொடுத்தார். அப்பார்வை கண்ணோட்டமானது அந்தத் திண்ணையிலே.